குடத்துக்குள் யார் பெயர்?

கோலி விளையாட்டை அறியாதவர் நம்மிடையே இலர். புழுதித் தெருவிலே குழி பறித்து, கட்டைவிரலை ஊன்றி, நடுவிரலால் சுண்டிவிட்டால் கோலி ஓடும். தோற்றவன் முட்டி தேயக் கோலியைத் தள்ளுவான். அந்த ஆட்டத்தில் தோல்விக்குத் தண்டனை முட்டியிலே ஒரு சிராய்ப்பு. மாலைக்குள் அது மறந்துபோகும்.

கோலியை உருட்டி, அதிலே தோற்றவனைக் கடல் கடந்த போர்க்களத்துக்கு அனுப்பிய அரசாங்கம் ஒன்று இருந்தது. ஏதோ பழங்காலத்துக் கொடுங்கோலன் கதை சொல்லுகிறேன் என்று எண்ணாதீர்கள். நடந்தது இருபதாம் நூற்றாண்டில். நடத்தியது நாடாளுமன்றமும் நீதிமன்றமும் நாளிதழ்களும் உள்ள ஒரு நாடு. அந்த நாடு ஆஸ்திரேலியா. கோலி முதன்முதலாக உருண்ட நாள் 1965 மார்ச் 10.

அந்தக் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அயல்நாட்டுக் கதைதான். ஆனால் அதிலே உள்ள கேள்வி நம் வாசற்படியிலும் வந்து நிற்கக்கூடிய கேள்வி.

1964 நவம்பர் 10 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் ராபர்ட் மென்சீஸ் நாடாளுமன்றத்தில் எழுந்தார். படைக்கு ஆள் போதவில்லை. தாமாக முன்வருவோர் தொகை குறைவு. ஆகவே கட்டாய ஆள்சேர்ப்பு என்றார். அந்த மாதம் முடிவதற்குள் சட்டம் நிறைவேறிவிட்டது. இருபது வயது நிரம்பும் ஆண்மகன் ஒவ்வொருவனும் தொழில் துறை அலுவலகத்தில் தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டால் ஈராண்டு முழுநேரப் படைச் சேவை. அதன்பின் மூன்றாண்டு துணைப்படையில் இருக்க வேண்டும்.

இருபது வயதானவர் எல்லாரையும் எடுத்துக்கொள்ளப் பாசறையில் இடம் இல்லை. அத்தனை பேர் தேவையும் இல்லை. அப்படியானால் யாரை எடுப்பது, யாரை விடுப்பது? அதற்குத்தான் கோலி!

முதல் குலுக்கலுக்கு உரியவர்கள் 1945 ஜனவரி முதல் நாளிலிருந்து ஜூன் 30 வரை பிறந்தவர்கள். அந்த அரையாண்டில் நாள்கள் 181. நாளுக்கு ஒன்றாக எண் பொறித்த மரக்கோலிகள். லாட்டரி குலுக்கும் உருளை ஒன்றிலே அவற்றைக் கொட்டினார்கள், சுழற்றினார்கள், ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எவன் பிறந்த நாளுக்குரிய எண் வெளியே வந்ததோ அவன் மருத்துவச் சோதனைக்கு வர வேண்டும்; தேறினால் பாசறைக்குப் போக வேண்டும். வராத நாளிலே பிறந்தவன் வீட்டுக்குப் போகலாம். ஒரே தெருவிலே, ஒரே பள்ளியிலே, ஒரே பந்தாட்டக் குழுவிலே இருந்த இருவரில், மே மாதத்தில் ஒரு நாள் முந்திப் பிறந்தவன் துப்பாக்கி ஏந்தினான். ஒரு நாள் பிந்திப் பிறந்தவன் கல்லூரிக்குச் சென்றான். தாய் வயிற்றிலே ஓர் இரவு கூடுதலாகத் தங்கியதுதான் அவன் செய்த புண்ணியம்!

ஆண்டுக்கு இருமுறை இந்தக் குலுக்கல் நடந்தது. தொடக்க ஆண்டுகளில் எந்தெந்த நாள்கள் வந்தன என்று வெளியிடவும் இல்லை. தபாலிலே உறை வந்தால்தான் தன் தலையெழுத்தை ஒருவன் தெரிந்துகொள்வான்.

இதற்கு அரசாங்கத் தரப்பினர் சொன்ன சமாதானம் என்ன? "இதைவிட நேர்மையான முறை உண்டா?" என்பதுதான். கோலிக்குக் கண் இல்லை. ஏழை என்றும் செல்வன் என்றும் அது பார்க்காது. சிபாரிசுக் கடிதத்தைப் படிக்கத் தெரியாது. கையூட்டு வாங்கக் கை கிடையாது. எல்லார்க்கும் ஒரே உருளை, ஒரே சுழற்சி. இது சமத்துவம் அல்லவா?

தோழர்களே, இந்த வாதத்தை எள்ளி நகையாடிவிட்டுப் போகமாட்டேன். இதிலே ஓரளவு உண்மை உண்டு. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை விடுவதைக் காட்டிலும் குலுக்கல் மேலானதுதான். ஆனால் முதலில் ஒன்றைக் கேட்போம். குலுக்கலாவது ஒழுங்காக நடந்ததா?

அதே வியட்நாம் போருக்கு அமெரிக்காவும் குலுக்கல் நடத்தியது. 1969 டிசம்பர் 1 அன்று, 366 நீல நிறக் குப்பிகளில் 366 பிறந்த நாள்களை அடைத்து, கண்ணாடிச் சாடியில் போட்டு, நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. பின்னர்க் கணக்கறிஞர்கள் பட்டியலைப் புரட்டினார்கள், புருவத்தை உயர்த்தினார்கள். டிசம்பரில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி அகப்பட்டிருந்தார்கள். அந்த மாதத்தின் 31 நாள்களில் 26 நாள்கள் அழைப்பு எல்லைக்குள்! காரணம் என்ன? குப்பிகளை மாதவாரியாகப் போட்டவர்கள் நன்றாகக் கலக்கவில்லை. கடைசியாகப் போட்ட மாதங்கள் மேலே நின்றன; கை வைத்தவருக்கு அவையே முதலில் கிட்டின. அடுத்த ஆண்டுக் குலுக்கலில் முறையை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் 1969 இல் எடுத்த பட்டியலை மாற்றவில்லை. கலக்குகிறவன் கை சற்றுச் சோர்ந்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் டிசம்பரில் பிறந்தவர்கள்!

சரி, குலுக்கல் பிழையின்றி நடந்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்போதாவது நீதி கிடைத்துவிடுமா?

குலுக்கல் நமக்குப் புதிதன்று. சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை அறியாத தமிழர் உண்டா? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே, ஓலையிலே பெயர் எழுதி, குடத்திலே இட்டு, குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையைப் பெருமையோடு பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அதே கல்வெட்டைச் சற்று ஊன்றிப் படியுங்கள். குடத்தைக் குலுக்குவதற்கு முன்னே, குடத்துக்குள் யார் பெயரை இடலாம் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். மறை கற்றிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். அந்த நிலத்தை உழுதவன் பெயர் குடத்துக்குள் விழவே வழியில்லை. குடம் நேர்மையாகத்தான் குலுங்கியது. உழுதவன் தான் வெளியே நின்றான்!

ஆகவே குலுக்கலைப் பார்க்கும்போது கையைப் பார்க்காதீர்கள், குடத்தைப் பாருங்கள். உள்ளே யார், வெளியே யார், அதை முடிவு செய்தவர் யார் என்று கேளுங்கள்.

ஆஸ்திரேலியக் குடத்துக்குள் யார் இருந்தார்கள்? இருபது வயது இளைஞர்கள். அந்நாட்டில் அன்று வாக்குரிமை வயது எது? இருபத்தொன்று! கேட்டீர்களா தோழர்களே? பெயர் பதிய வேண்டிய வயது இருபது. வாக்குச்சீட்டு பெறும் வயது இருபத்தொன்று. கோலி உருண்ட நாளிலே, போர் வேண்டும் என்றோ வேண்டா என்றோ சொல்ல அவனுக்கு ஓர் ஓட்டு இல்லை. 1967 முதல் வேறு நாடுகளிலிருந்து குடியேறி, இன்னும் குடியுரிமை பெறாத இளைஞர்களையும் குடத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கோ வயது வந்தாலும் வாக்கில்லை!

வெளியே யார் இருந்தார்கள்? சமய குருமார்கள், சமயக் கல்வி பயிலும் மாணவர்கள், உடற்குறை உள்ளவர்கள். அழைப்புக்கு முன் மணம் முடித்தவனுக்கு ஒத்திவைப்பு. பல்கலைக்கழக மாணவனுக்கும் தொழில் பழகுவோனுக்கும் படிப்பு முடியும் வரை தவணை. தொல்குடி மக்களைப் பதிவு செய்யுமாறு கேட்கவே இல்லை. அது சலுகையா? மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கலாகாது என்று அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்திலேயே ஒரு விதி இருந்தது. 1967 மே மாதத்துப் பொது வாக்கெடுப்பில்தான் அது நீங்கியது. கணக்கிலேயே வராதவனை எந்தக் கணக்கிலே படைக்கு எடுப்பது?

இவர்கள் அனைவருக்கும் அப்பால், குடத்துக்கு வெளியே பாதுகாப்பாக அமர்ந்திருந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. போரை முடிவு செய்தவர்கள்! 1965 ஏப்ரல் 29 அன்று மென்சீஸ் வியட்நாமுக்குப் படை அனுப்புவதாக அறிவித்தார். கட்டாயச் சேவையினரைக் கடல் கடந்து அனுப்பவும் சட்டத்திலே வழி வகுக்கப்பட்டது. அவருக்குப் பின் வந்த ஹெரால்டு ஹோல்ட், 1966 மார்ச்சில், கோலி தேர்ந்த இளைஞர்களும் வியட்நாம் செல்வார்கள் என்றார்.

இந்த மென்சீஸ் பிறந்தது 1894 டிசம்பரில். முதல் உலகப்போர் மூண்ட 1914 ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்கு நிரம்பியது அதே இருபது வயது! அவர் படையில் சேரவில்லை. உடன்பிறந்தார் இருவர் போருக்குச் சென்றனர். இவர் சட்டம் படித்தார். அது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். குடும்பத்தின் நிலையை எண்ணி எடுத்த முடிவு. அன்றைய சட்டம் அவருக்குக் கொடுத்த உரிமை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. தன் இருபதாவது வயதில் தான் துய்த்த உரிமையை, அடுத்த தலைமுறையின் இருபது வயதானிடமிருந்து ஏன் பறித்தார்?

அன்று அந்த உரிமை எப்படி நிலைத்தது தெரியுமா? மக்கள் நிலைநாட்டினார்கள்! உள்நாட்டுக் காவலுக்கு ஆளைக் கட்டாயமாக அழைக்க ஆஸ்திரேலியச் சட்டத்தில் இடம் இருந்தது. கடல் கடந்து அனுப்ப இடம் இல்லை. 1916 இல் பிரதமர் பில்லி ஹியூஸ் அந்தத் தடையைத் தகர்க்க எண்ணி மக்களிடமே போனார். போர் உச்சத்தில் இருந்த நேரம். பிரான்சில் பிணங்கள் குவிந்த நேரம். வேண்டாம் என்பவன் கோழை, துரோகி என்று தூற்றிய நேரம். அக்டோபர் 28 அன்று வாக்கெடுப்பு. வேண்டும் என்றோர் 10,87,557. வேண்டாம் என்றோர் 11,60,033. ஹியூசின் கட்சியே இரண்டாகப் பிளந்தது. அவர் விடவில்லை, 1917 டிசம்பர் 20 அன்று மறுபடியும் கேட்டார். முன்பு 72,476 ஆக இருந்த வித்தியாசம் 1,66,588 ஆக வளர்ந்தது! 1916 வாக்கெடுப்பில் போர்முனையில் இருந்த வீரர்களும் வாக்களித்தனர். அவர்களிலே பெரும்பான்மை வேண்டும் என்றது உண்மை. ஆனால் 58,894 பேர் வேண்டாம் என்றனர். குண்டு பாயும் குழியிலே நின்றுகொண்டு, "விரும்பாதவனை இங்கே இழுத்து வராதே" என்று தீர்ப்புச் சொன்னவர்கள் அவர்கள்.

இரண்டாம் உலகப்போரில் பகைவன் வாசலுக்கே வந்தான். கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட உள்நாட்டுப் படையினரைத் தொண்டர் படையினர் "சாக்லேட் வீரர்கள்" என்று கேலி செய்தார்கள். வெயில் பட்டால் உருகிவிடுவார்களாம்! 1942 இல், ஆஸ்திரேலிய ஆட்சியில் இருந்த பப்புவா மண்ணில், கொக்கோடா மலைப்பாதையில், ஜப்பானியப் படையைத் தடுத்து முதலில் நின்றவர்கள் அந்தச் சாக்லேட் வீரர்களே. உருகவில்லை. அதன்பின் 1943 இல் பிரதமர் ஜான் கர்டின் சட்டத்தைத் தளர்த்தினார். ஆனால் எவ்வளவு? தென்மேற்குப் பசிபிக்கில் ஓர் எல்லை வகுத்து, அதற்குள் மட்டும் அனுப்பலாம் என்றார். அந்தக் கர்டின் 1916 இல் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துச் சிறை கண்டவர். நாடே எரியும்போதுகூடக் கோடு போட்டுத்தான் கொடுத்தார்.

1964 இல் எவன் படையெடுத்து வந்தான்? ஒருவனும் வரவில்லை. மக்களிடம் வாக்கெடுப்பு நடந்ததா? இல்லை. 1916 இல் கேட்டார்கள். 1917 இல் கேட்டார்கள். இருமுறையும் இல்லை என்ற விடை வந்தது. 1964 இல் கேட்கவே இல்லை!

கோலி தேர்ந்தவனின் பயணம் எப்படி இருந்தது? புக்கபுன்யால் போன்ற பயிற்சிப் பாசறைகளில் சில வாரம். பிறகு காலாட்படையோ, பீரங்கிப் படையோ, வேறு பிரிவோ. அந்தப் பிரிவுக்கு வியட்நாம் முறை வந்தால் அவனுக்கும் வந்தது. 1966 மே 24 அன்று எரால் நோவாக் என்னும் அடிலெய்டு இளைஞன் மாண்டான். கோலி தேர்ந்தவர்களில் முதற்பலி. வயது இருபத்தொன்று. வியட்நாமில் கால் வைத்துப் பத்து நாள் அளவே ஆகியிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 18 அன்று லாங் டான் ரப்பர்த் தோட்டத்தில், கொட்டும் மழையில் நடந்த சண்டையில் ஆஸ்திரேலியர் பதினெண்மர் மாண்டனர். அவர்களிலே பதினொருவர் கோலி தேர்ந்தவர்கள்!

1972 வரை பெயர் பதிந்தவர் 8,04,286 பேர். படைக்கு எடுக்கப்பட்டவர் 63,735 பேர். வியட்நாம் சென்றவர் 15,381 பேர். திரும்பாதவர் ஏறத்தாழ 200 பேர். நூற்றுக்கு எட்டுப் பேரைத் தொட்டது கோலி. மீதி தொண்ணூற்றிருவரும் பெருமூச்சு விட்டனர். இங்கேதான் குலுக்கலின் சூழ்ச்சி இருக்கிறது, தோழர்களே! எல்லாரையும் அழைத்தால் எல்லார் வீட்டிலும் கேள்வி எழும். எட்டுப் பேரை அழைத்தால் எட்டு வீட்டில்தான் அழுகை. மற்ற வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு, "நம் பிள்ளை தப்பினான்" என்று விளக்கேற்றும். அநீதி செய்தவன் யார் என்று தேடினால் ஆள் அகப்படமாட்டான். "அதிர்ஷ்டம்" என்று ஒரு சொல்தான் அகப்படும். அமைச்சர் கையெழுத்திட்ட ஆணை, விதியின் எழுத்தாக வேடம் போட்டுக்கொள்ளும்!

அந்த வேடத்தைக் கலைத்தவர்கள் யார்? தாய்மார்கள்! 1965 மே மாதத்தில் சிட்னியில் "எம் மைந்தரைக் காப்பீர்" என்ற பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கம் பிறந்தது. கையுறையும் தொப்பியும் அணிந்த குடும்பப் பெண்கள், ஆள்சேர்ப்பு நிலையங்களின் வாயிலில் பதாகையோடு மௌனமாக நின்றார்கள். 1971 ஏப்ரலில் மெல்போர்னில் அவர்களில் ஐவர் சிறைக்குப் போனார்கள். செய்த குற்றம், அரசு அலுவலகத்திலே துண்டறிக்கை கொடுத்தது! நம் புறநானூற்றிலே ஒரு தாய் உண்டு. தந்தையைக் களத்திலே இழந்து, கணவனையும் இழந்து, எஞ்சிய ஒரே மகனின் கையிலே வேலைக் கொடுத்து அனுப்பினாள். அவளைப் போற்றும் நாம் இந்தத் தாய்மாரைப் பழிக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பழிக்க என்ன இருக்கிறது? அவள் பகை எது என்று அறிந்தாள், தானே முடிவு செய்தாள், தானே அனுப்பினாள். மெல்போர்ன் தாய் கேட்டதும் அதே உரிமையைத்தான். "என் மகனை நான் அனுப்பவில்லையே, உன் கோலியல்லவா அனுப்புகிறது" என்பதுதான் அவள் வழக்கு.

இளைஞர்களும் வாளா இருக்கவில்லை. 1966 நவம்பரில் சிட்னி ஆசிரியர் வில்லியம் ஒயிட்டை, மனச்சான்றின் பெயரால் மறுத்தார் என்பதற்காகப் போலீசார் வீட்டிலிருந்து இழுத்துச் சென்றனர். 1968 இல் மெல்போர்ன் தபால்காரர் ஜான் சார்புக்கு ஈராண்டுச் சிறை. மக்கள் குரல் எழுந்தது. அடுத்த ஆண்டே விடுவித்தார்கள்.

கட்சித் தோழர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. 1966 நவம்பர் 26 அன்று பொதுத்தேர்தல். தொழிற்கட்சித் தலைவர் ஆர்தர் கால்வெல் இந்தக் கட்டாய அனுப்புகையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். அவ்வாண்டு ஜூனில் அப்படிப் பேசிவிட்டுக் காரில் ஏறிய அவரை ஒருவன் சுட்டான், கண்ணாடி சிதறி முகத்தைக் கிழித்தது, உயிர் தப்பினார். தேர்தலில் வென்றாரா? இல்லை. படுதோல்வி! மக்கள் ஹோல்ட்டுக்கே மாபெரும் வெற்றி தந்தனர். நம்மைப் போல மேடையிலே நிற்பவர்களுக்கு இதைவிடக் கசப்பான மருந்து கிடையாது. அந்தக் கட்சி என்ன செய்திருக்கலாம்? "மக்கள் விரும்பவில்லை, விட்டுவிடுவோம்" என்று கொள்கையைக் கழற்றி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. 1970 மே 8 அன்று மெல்போர்ன் நகர வீதியில் எழுபதினாயிரம் பேர் அளவில் திரண்டனர். 1972 டிசம்பர் 2 அன்று கஃப் விட்லம் தலைமையில் தொழிற்கட்சி வென்றது. மூன்றே நாளில் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. மறுத்துச் சிறையில் இருந்தோர் வெளியே வந்தனர். அடுத்த ஆண்டு, 1973 இல், வாக்குரிமை வயது பதினெட்டாயிற்று.

ஆறு ஆண்டு! தோற்ற நாளுக்கும் வென்ற நாளுக்கும் இடையே ஆறே ஆண்டு. தேர்தலில் தோற்பதாலேயே ஒரு கொள்கை தவறாகிவிடாது. தோற்றபின் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமற்போனால்தான் அது சாகும்.

நம் நாட்டில் இன்று கட்டாயப் படைச் சேவை இல்லை. விரும்பியவர் சேருகிறார்கள், அவர்கள் வீரத்தை வணங்குகிறோம். ஆனால் குடங்கள் படைக்கு மட்டும் உரியவை அல்ல. யாருடைய நிலத்தின் மீது சாலை போவது, யார் வீடு இடிபடுவது, யார் பிள்ளைக்கு இடம் கிடைப்பது, யாருக்குக் கிடையாதது என்று எத்தனையோ குடங்கள் நாள்தோறும் குலுங்குகின்றன. குலுக்குகிறவர்கள் எல்லாரும் "முறைப்படி நடந்தது" என்றே சொல்லுவார்கள். முறை சரியாகவும் இருக்கலாம். அதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் கிளையிலே, உங்கள் ஊர்மன்றத்திலே, உங்கள் வீட்டுத் திண்ணையிலே மூன்று கேள்விகளைப் பழக்கப்படுத்துங்கள். இந்தக் குடத்துக்குள் யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் இல்லை? உள்ளே இருப்பவனை ஒரு வார்த்தை கேட்டார்களா?

மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று விடை வந்தால், எவ்வளவு அழகாகக் குலுக்கினாலும் அது நீதி அன்று. எழுந்து நின்று அதைச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்கள் ஒருவராக இருக்கலாம். சொல்லிக்கொண்டே இருங்கள்.